அப்பா கொடுத்த கால்

தையல் கடையைத் திறந்ததும் பெரியவள் செய்யும் முதல் வேலை, தங்கையின் இடுப்பில் இன்ச் டேப்பைச் சுற்றிப் பார்ப்பதுதான். கூடியிருந்தால் அன்று முழுக்க அவள் வாய் ஓயாது. தங்கையும் சளைத்தவளல்ல, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பாள், டேப்பை எடுத்ததும் அப்பாடா என்று விடுவாள். பெரியவள் ஒல்லிக்குச்சி. அதில் அவளுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

ஆகவே தங்கையின் வலது கால் வீங்கிக் கொதித்து, உள்ளே ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, பெரியவள் காரணம் தேடி அலையவில்லை. எல்லாம் இவள் தின்னுகிற தீனிதான் என்று டாக்டரம்மாவிடம் புகார் வாசித்தாள். எடையும் ஒரு காரணம்தான், நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்தே இருப்பதும்தான் என்று அந்த அம்மா ஒப்புக்கொண்டார். பிறகு, குடும்பத்தில் வேறு யாருக்காவது கால் வீங்கியதுண்டா, யாராவது திடீரென்று போனதுண்டா என்று கேட்டார்.

பெரியவள் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். அப்பா இவளைவிட ஒல்லி. கெண்டைக்கால் வீக்கத்தைச் சுளுக்கு என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டே தைத்தவர், ஒரு காலையில் மூச்சு வாங்குகிறது என்றார். பொத்தான் வைத்துக்கொண்டிருந்த சட்டையின் மேலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்று எல்லோரும் சொன்னார்கள், மகள்கள் இருவரும் நம்பினார்கள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் மூச்சை அடைத்திருக்கலாம், ரத்தம் சீக்கிரம் உறைகிற தன்மை சில குடும்பங்களில் வழிவழியாக வரும், அது ஒல்லி குண்டு பார்க்காது, எடை அதை இன்னும் மோசமாக்கும், நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டரம்மா. பெரியவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவளுடைய இடது கெண்டைக்காலும் சில நாளாகவே இறுகிக் கிடந்தது. இரண்டு பேரும் படுத்துவிட்டால் கடையை யார் பார்ப்பது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவளுக்குப் பயம்.

மாத்திரைகளும் இறுக்கமான காலுறையுமாகத் தங்கை கடைக்குத் திரும்பினாள். வந்த அன்றே, பாவாடைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். அக்காவின் மெஷின் ஒரே ஓட்டமாக ஓடித்தான் அவளுக்குப் பழக்கம். இன்று விட்டுவிட்டு ஓடியது. குனிந்து பார்த்தாள். எப்போதும் இடது காலால் மிதிப்பவள் வலது காலுக்கு மாறியிருந்தாள்.

"அக்கா, காலக் காட்டு."

"சும்மா இருடி. வேல கெடக்கு."

"அப்பாவும் இதத்தான் சொன்னாரு."

மெஷின் நின்றது. தங்கை மேஜையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள். அக்காவின் கழுத்திலிருந்த டேப்பை உருவி, முதலில் வலது கெண்டைக்காலைச் சுற்றினாள். பிறகு இடது. கட்டைவிரல் நகம் வலது காலின் அளவைத் தாண்டி நகர்ந்து நின்றது. கண் கலங்கியிருந்தது, ஆனாலும் அக்காவைப் பார்த்துச் சிரித்தாள்.

"மூச்ச விடுக்கா. உள்ள இழுத்தா கால் கொறையாது."

ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப ஷட்டரை இழுத்துச் சாத்தியது தங்கைதான். உள்ளே, பாதி தைத்த சட்டை ஊசிக்கு அடியிலேயே கிடந்தது. நூலைக்கூட அறுக்கவில்லை.