நாலாவது மென்பொருள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை, அட்டவணையாகத்தான் தொடங்கியது. சலவை இயந்திரங்களுக்குக் கையேடு எழுதிப் பிழைப்பவன் நான். எதைக் கண்டாலும் கட்டம் போடுவேன். மனைவி வேலை மாற்றலாகி வேறு நாட்டுக்குப் போய்விட்டாள். மூன்று மாதத்தில் நானும் மகளும் போய்ச் சேர வேண்டும். அந்த ஊர் மொழியை அதற்குள் ஒன்பது வயதுக்காரிக்குக் கற்றுத்தர ஒரு மென்பொருள் வேண்டும். அவளுக்கு வீட்டிலேதான் படிப்பு. ஆசிரியர் நான், தலைமையாசிரியர் நான், மணி அடிப்பவனும் நான்தான்.

சிக்கல் ஒன்றுதான். அந்த மொழியில் எழுதுவாள், கேட்டால் புரிந்துகொள்வாள், வாயை மட்டும் திறக்க மாட்டாள். ஒரு மாதமாக ஒரு சொல்கூட இல்லை. அங்கே பள்ளியில் சேர்க்கும்முன் பேசச் சொல்லிப் பார்ப்பார்களாம். பேசாவிட்டால் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்துவிடுவார்கள்.

2

முதல் வரி இப்படி எழுதினேன்: ‘சாப்பாட்டு மேசையின் மேல் இளவெயில் மெல்ல…’

வேண்டாம். வெயிலுக்கும் மென்பொருளுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது முயற்சி: ‘ஒரு தந்தை இருந்தார், மிகவும் பொறுமைசாலி…’

மகள் எட்டிப் பார்த்துவிட்டு, “யாருப்பா அது?” என்றாள். அடித்துவிட்டேன்.

3

மூன்று மென்பொருள்களை வாரத்துக்கு ஒன்றாக இலவசமாகச் சோதித்தோம். பாடங்கள் எத்தனை, உச்சரிப்பு தெளிவா, இணையம் இல்லாமல் ஓடுமா என்று முப்பது கட்டங்கள் போட்டேன். [கையேட்டுப் பழக்கம். வாசகர் தாண்டிப் போகலாம். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.]

அவளோ மூன்றிலும் பூஜ்யம் வாங்கினாள். [இந்த இடத்தில் என் கதாநாயகியை மக்கு என்றே நம்பிவிட்டேன். எழுதுகிறவனுக்கு இது அழகல்ல, அப்பனுக்கு அறவே அழகல்ல.]

அச்செடுத்த அட்டவணையின் ஓரத்தில், ஒரு காலையில், பென்சிலால் அவளே ஒரு கட்டம் சேர்த்திருந்தாள். தலைப்பு: ‘தப்பா சொன்னா என்ன பண்ணுது?’

ஒண்ணு: சிவப்பாகுது, பாத்திரம் விழுற சத்தம் போடுது.
ரெண்டு: நட்சத்திரத்தைப் பிடுங்கிக்குது.
மூணு: சரியானதை மறுபடி சொல்லுது. பரவாயில்ல.
நாலு, அப்பா: ‘ப்ச்’னு சொல்லுது. பதினோரு தடவை.

மூன்றிலும் வேண்டுமென்றேதான் தப்பாக அழுத்தியிருக்கிறாள், கள்ளி.

4

அவள் போட்ட கட்டத்தைக் கதையிலிருந்து நீக்கிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வலித்தது. நான் அப்படிச் சொல்வதே எனக்குத் தெரியாது.

மாற்று முடிவு ஒன்று: தந்தை கண்ணீர் மல்க மகளை… இல்லை, நான் அழவில்லை. மாற்று முடிவு இரண்டு: மூன்றாவது மென்பொருளை வாங்கிக் கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொள்வது. அதற்குத்தான் ஆசைப்பட்டேன். நடந்தது வேறு.

“சரி, எதைத்தான் வாங்கலாம்? நீயே சொல்லு.”

“நாலாவதையே வச்சுக்கலாம்பா. ஆனா அதையும் சோதிச்சுப் பாக்கணும். நீயும்தானே அங்க வர்றே? நீ பேசி நான் கேட்டதே இல்லையே.”

வசமாக மாட்டிக்கொண்டேன். முப்பது கட்டம் போட்டவன் அந்த மொழியில் ஒரு வார்த்தைகூடப் பேசிப் பார்க்கவில்லை.

“ரயில் நிலையத்துக்கு வழி கேளு, பாக்கலாம்.” நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

கேட்டேன். பாதி வாக்கியத்தில் நாக்கு படுத்துவிட்டது. என்னையறியாமல் “ப்ச்” என்றேன்.

“பன்னிரண்டு” என்று குறித்துக்கொண்டாள். சிரித்துவிட்டோம். பிறகு வாயைத் திறந்து அந்த வாக்கியத்தை எனக்காக முழுதாக, நிதானமாகச் சொன்னாள். அவள் குரலில் அந்த மொழி எவ்வளவு அழகாக இருந்தது! கடைசியில் ஒரு சின்னத் தப்பு. எனக்கே தெரிந்தது.

5

வாசகரே, கதை இங்கே நிற்கிறது. பிள்ளை பேசிவிட்டாள். பேசியதில் தப்பு இருக்கிறது. கையில் பென்சிலோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அடுத்ததை நான் எழுதினால் கட்டாயம் என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்வேன். அந்த விஷயத்தில் எனக்கே என்மேல் நம்பிக்கை கிடையாது.

எழுந்துகொள்கிறேன். நீங்கள் வந்து உட்காருங்கள். சீக்கிரம், அவள் காத்திருக்கிறாள்.