மழை விழாத குதிரை

அம்பிட்டியவில் சேதுராமன் வாங்கிக் கட்டியிருந்த இளங்குதிரையின்மேல் மழை விழுவதில்லை. துளிகள் அதன் முதுகுக்கு ஒரு சாண் மேலேயே ஆவியாகிப் போய்விடும். கண்டியில் மழைக்குக் குறைவில்லை என்பதால் அக்கம்பக்கத்தார் அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள். குதிரைக்கு இடது விதை இன்னும் இறங்கவில்லை என்ற செய்திதான் அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது. வயிற்றுக்குள் தங்கிவிட்ட அந்த ஒன்றின் சூடுதான் மழையை விரட்டுகிறது என்று சேதுராமன் அறிவித்தார். குளியலறைச் சாமான் விற்று முன்னுக்கு வந்தவர் அவர். தண்ணீரைப் பற்றித் தமக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற எண்ணம் அவருக்கு உண்டு.

அதன்பின் ஆண்கள் வரத் தொடங்கினார்கள். குண்டசாலையிலிருந்துகூட ஓட்டோ பிடித்து வந்தார்கள். பிள்ளையில்லாத கிளார்க்குகள், தொந்தி சரிந்த கடைக்காரர்கள், மேடையில் மட்டும் குரல் உயர்த்தும் சங்கத் தலைவர்கள் எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குதிரையின் இடது விலாவில் உள்ளங்கையை வைத்தார்கள். சுட்டுச் சிவந்த கையை வீசிக்கொண்டு புது நடை நடந்து வீடு போனார்கள். குதிரையோ ஒருநாளும் நிம்மதியாகப் புல் தின்றதில்லை. உள்ளே எரிய எரியச் சுவரை உதைத்தது. அதைப் பராமரித்துவந்த அக்குறணைக்காரர் முஹைதீனின் தோளைக் கடித்துக் குதறியது. ஆண்கள் அதையும் வீரம் என்றார்கள்.

மிருக வைத்தியர் கிருஷாந்தி வந்து தடவிப் பார்த்தார். "இனி இறங்காது. வயித்தத் திறந்து ரெண்டையும் எடுத்துடணும். விட்டா உள்ளுக்கே கட்டியாகிக் குதிர செத்துப் போகும்."

"ஆம்பளக் குதிரைக்குக் காயடிக்கிறதா?" என்று பதறினார் சேதுராமன். "அப்புறம் நான் எப்பிடி டவுனுக்குள்ள தல காட்டுறது?"

"தலையத்தானே காட்டப் போறீங்க?" என்றார் கிருஷாந்தி.

அன்றே ஆண்கள் கூடி ஆலோசித்தார்கள். வெளியே தெரிவதை எடுத்துவிடுவது, உள்ளே ஒளிந்திருப்பதை விட்டுவைப்பது என்று முடிவாயிற்று. பார்வைக்கு அடக்கமாகவும் உள்ளுக்குள் திமிராகவும் ஒரு குதிரை, ஏறக்குறைய தங்களைப் போலவே, இருக்கும் என்பதில் அவர்களுக்குப் பெரிய திருப்தி. அந்த அரைவேலையைச் செய்யக் கிருஷாந்தி மறுத்துவிட்டார். செய்யக்கூடிய வேறு ஆளை அவர்கள் தேடிக்கொண்டே இருந்தார்கள்.

அடைமழைக் காலத்தில் குதிரை படுத்துவிட்டது. அதன் கீழிருந்த வைக்கோல் கருகிப் புகைந்தது. முஹைதீன் கட்டுப்போட்ட தோளோடு குசினி வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, அது மவுத்தாகப் போகுது. படுற பாட்டப் பாக்க ஏலா."

சேதுராமனின் மனைவி ஞானேஸ்வரி அடுப்பை அணைத்தார். கணவர் கோயில் கூட்டத்தில் மாலை வாங்கிக்கொண்டிருந்தார். அவரைக் கேட்கவேண்டும் என்று ஞானேஸ்வரிக்குத் தோன்றவேயில்லை. கிருஷாந்திக்குப் போன் எடுத்தார். "வந்துடுங்க டாக்டர். இந்த வீட்டுல ஒரு சீவனாச்சும் நிம்மதியா இருக்கட்டும்."

முற்றத்தில் படங்குச் சீலை விரித்து, மயக்க ஊசி போட்டு வேலை நடந்தது. கிருஷாந்தியின் கையுறைகள் உருகிக்கொண்டே இருந்தன. ஞானேஸ்வரி புதிது புதிதாக எடுத்துக் கொடுத்தார். விஷயம் கேள்விப்பட்டு ஆண்கள் ஓடிவந்து சேர்ந்தபோது வயிற்றுக்குள் இருந்தது தட்டில் கிடந்தது. கொட்டைப்பாக்கு அளவு இருக்கும். தொளதொளத்துப் போயிருந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் சேதுராமன்.

மற்ற ஆண்கள் உள்ளங்கைகளைக் காற்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள்.

சாயங்காலம் குதிரை தள்ளாடி எழுந்தது. மழை அதன் முதுகில் விழுந்தது. முதலில் திடுக்கிட்டுத் தோலைச் சிலிர்த்தது. பிறகு கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, அப்படியே நின்றது. கொட்டிலுக்குள் வரும்படி முஹைதீன் கூப்பிட்டுப் பார்த்தார். அது அசையவில்லை. அவரும் போய் அதன் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றார்.

ஆப்பரேஷன் தம்முடைய யோசனைதான் என்று சேதுராமன் இப்போது சொல்லி வருகிறார். எடுத்ததைக் குசினிக்குப் பின்னால் புதைத்தார்கள். அங்கே ஒரு முறம் அளவு இடத்தில் மழை விழுவதில்லை. ஞானேஸ்வரி அதில் மிளகாய் காயப்போடுகிறார். நன்றாகக் காய்கிறது.