காது சரியும் வாய் சரியும்

ஒரு கார் கம்பெனியின் தலைமை நிர்வாகி ஆவதற்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் போதும், நம்மவர் ஒரு மணி நேரம் பேசுவார். தொலைநோக்கு, துணிச்சல், தொழில்நுட்ப அறிவு என்று அடுக்குவார். பேட்டி எடுக்க வந்தவர்கள் பயபக்தியோடு எழுதிக்கொண்டு போவார்கள். அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொள்வார். இருபத்தாறு வருடமாகத் தன்னைத் தூக்கிவிட்டது ஒரே ஒரு சொல் என்பது அவருக்குத்தானே தெரியும். ‘சரி.’ அவ்வளவுதான்.

ஷோரூமில் விற்பனைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்கு ரேடியேட்டர் எது, பேட்டரி எது என்றே தெரியாது. வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் “சரி... சரி...” என்று தலையாட்டிக்கொண்டு நிற்பார். வந்தவர்கள் தாங்களே கேள்வி கேட்டு, தாங்களே பதில் சொல்லி, தாங்களே மனசு மாறிக் காரை ஓட்டிக்கொண்டு போனார்கள். மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார். பிறகு மேனேஜரின் புலம்பல்களுக்குச் சரி போட்டு ஏரியா மேனேஜர் ஆனார். இயக்குநர்களின் சுயபுராணங்களுக்குச் சரி போட்டு இயக்குநர் ஆனார். கடைசியில் சேர்மன் தன் இளமைக் காலக் கதையை இரண்டு மணி நேரம் சொல்லி முடித்து, “உன்ன மாதிரி காது குடுத்துக் கேக்கற ஆள நான் பாத்ததே இல்லப்பா” என்று நெகிழ்ந்துபோய்ப் பெரிய நாற்காலியில் உட்காரவைத்தார். அந்த இரண்டு மணி நேரமும் நம்மவர் தன் புது ஷூ கடிப்பதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

தலைவரான பிறகும் பாணி மாறவில்லை. யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் அவரை நிறுத்திப் பேசலாம். வராந்தாவில், லிஃப்டில், கேன்டீன் வரிசையில். ஒரு பத்திரிகை ‘காதுள்ள தலைவர்’ என்று தலைப்புப் போட்டது. அதைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினார்.

அந்தப் பட்டத்தில் அவர் மனைவிக்கு மட்டும் நம்பிக்கை கிடையாது. “இவர்கிட்ட ரெண்டு சரி இருக்கு. காது சரி, வாய் சரி. வாய் சரி வந்துச்சுன்னா காது கடையச் சாத்திடுச்சுன்னு அர்த்தம்” என்பாள். சந்தேகம் வந்தால் சோதித்தும் பார்ப்பாள்.

“ஏங்க, உங்க அக்காவ ஏலத்துல விட்டுட்டேன்.”

“சரி.”

“நல்ல வெலைக்குத்தான் போனாங்க.”

“சரி, சரி.”

வீட்டில் இது சிரிப்போடு போயிற்று. தொழிற்சாலையில் அப்படிப் போகவில்லை.

புதுக் காரின் வெளியீட்டுக்கு மூன்று வாரம் இருந்தபோது, சேர்மன் தானே ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டு வளாகத்துக்குள் ஒரு சுற்றுக் கிளம்பினார். கிடங்குப் பக்கம் திரும்பும்போது காவலாளி ஒருவர் போனைப் பார்த்தபடியே குறுக்கே வந்தார். ஐம்பது வருடப் பழக்கத்தில் சேர்மன் ஸ்டியரிங்கின் நடுவில் ஓங்கி அடித்தார். சத்தமே வரவில்லை. இன்னும் ஓங்கி அடித்தார். கம்பெனியின் சின்னம்தான் ஆடியது. சட்டென்று வண்டியை ஒடித்து நிறுத்தியதில் காவலாளி தப்பினார். அவருடைய நாற்காலி தப்பவில்லை.

புதுக் காரில் ஹாரன் நடுவில் இல்லை. ஸ்டியரிங் பக்கத்தில் விளக்குப் போடுகிற குச்சியின் நுனிக்குப் போயிருந்தது.

கீழே இறங்கிய சேர்மன், ஓடிவந்த நம்மவரையும் மற்றவர்களையும் பார்த்துக் கத்தினார். “பதறிப்போனவன் குச்சியத் தேடிட்டா இருப்பான்? யாருய்யா இதுக்குச் சம்மதிச்சது? நாளைக்குக் காலைல பத்து மணிக்கு எனக்குப் பேர் தெரியணும். அந்த ஆள் அப்புறம் இந்த கேட்டுக்குள்ள வரக் கூடாது.”

“விட மாட்டேன் சார்” என்று நம்மவர் எல்லோருக்கும் முன்னால் கர்ஜித்தார். கோபம் உண்மையானதுதான். அந்தக் கோபத்தோடு வடிவமைப்புப் பிரிவின் தலைவியைக் கூப்பிட்டனுப்பினார்.

டிசைன் மேடம் என்றுதான் அவரை எல்லோரும் சொல்வார்கள். பதினெட்டு வருட சர்வீஸ், நான்கு கார்களுக்கு உருவம் கொடுத்தவர், எது நடந்தாலும் தேதி போட்டு நோட்டில் எழுதிவைக்கிறவர்.

“யாரக் கேட்டு ஹாரன மாத்தினீங்க?” நம்மவர் மேசையைத் தட்டினார்.

“உங்களத்தான் சார்.” மேடம் நோட்டைப் புரட்டினார். “கேன்டீன் வரிசைல நின்னுட்டிருந்தோம். ‘ஹாரன நடுவுலேர்ந்து எடுத்துட்டா பாக்க அழகா இருக்கும்னு விற்பனைப் பிரிவுல சொல்றாங்க’ன்னேன். சரின்னீங்க. ‘எனக்குச் சம்மதமில்ல, ஆபத்து’ன்னேன். சரின்னீங்க. ‘முடிவு உங்களுது, நீங்க சொன்னா மாத்திடறேன்’னேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

“சரின்னீங்க.”

“ஒரு தடவ திருப்பிக் கேட்டிருக்கலாமே!”

“கேட்டேனே சார். ‘நிச்சயமாத்தானே?’ன்னு. அதுக்கும் சரின்னீங்க.”

நம்மவருக்கு ஒரு சரிகூட ஞாபகமில்லை. அன்றைக்கு வரிசை ஏன் நகரவில்லை என்ற எரிச்சல் மட்டும் நன்றாக ஞாபகமிருந்தது.

மேடம் நோட்டை மூடினார். “பதினெட்டு வருஷம் சார். கெட்ட பேரோட மட்டும் என்ன அனுப்பிடாதீங்க.” கதவருகே நின்று, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னார். “இங்க உங்களுக்குப் பட்டப் பேரே ‘சரி சார்’தான். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

அவருக்குத் தெரியாது. அவர் நடந்துபோனாலே பின்னால் யாராவது “சரி சார்” என்பார்கள். என்ன ஒரு கட்டுப்பாடு, என்ன ஒரு மரியாதை என்று பல வருடங்களாகப் பூரித்துப்போயிருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தார். வரைபடத்தில் மேடத்தின் கையெழுத்து இருக்கிறது. சரி என்று சொன்னதற்குக் கையெழுத்துக் கிடையாது. காலையில் ஒரு பெயரைச் சொன்னால் தலை தப்பிவிடும். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, “மிகுந்த மன வேதனையோடு...” என்று ஒத்திகை பார்த்தார். முகத்தில் வேதனை அச்சு அசலாக வந்தது. அதைப் பார்த்து அவருக்கே அருவருப்பாக இருந்தது.

வெளியே வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள்.

“அந்தம்மாவ மாட்டிவிட்டுட்டு வந்தீங்கன்னா, இனிமே நான் உங்ககிட்ட எதுவும் சொல்ல மாட்டேங்க.”

“சரி” என்றார்.

“எந்தச் சரி?”

“காது சரி.”

மறுநாள் பத்து மணிக்கு சேர்மன் முன்னால் நின்றார். “அந்தப் பேர் என்னோடது சார். அவங்க வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் கேக்காமலே சரின்னுட்டேன்.”

சேர்மன் நிமிர்ந்து பார்த்தார். “அப்ப நான் எங்கதையெல்லாம் சொன்னப்போ?”

“ஷூ கடிச்சிட்டிருந்துச்சு சார்.”

சேர்மனின் முகம் விழுந்துவிட்டது. ஹாரனைவிட இதுதான் அவரை அதிகம் தாக்கியது என்று நம்மவருக்குப் புரிந்தது. “வெளியீட்ட மூணு மாசம் தள்ளிவை. ஹாரன் நடுவுக்கு வரணும். பத்திரிகைக்காரங்களக் கூப்பிட்டுத் தப்பு உன்னுதுன்னு உன் வாயாலயே சொல்லு. உன்ன என்ன பண்றதுன்னு அப்புறம் முடிவு பண்றேன்” என்றார். முன்பு செல்லமாகச் சேர்த்துச் சொன்ன ‘ப்பா’வைக் காணோம்.

இருந்தும் நம்மவர் இரண்டிரண்டு படியாகத் தாண்டி இறங்கினார். ஒருவருடைய பிழைப்பைக் காப்பாற்றிவிட்டோம் என்ற பூரிப்பு. வடிவமைப்புப் பிரிவை எட்டுவதற்குள் தன்னை ஒரு தியாகி என்றே முடிவுகட்டிவிட்டார்.

டிசைன் மேடம் ஓர் அட்டைப் பெட்டிக்குள் பென்சில்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“கவலையே படாதீங்க. சேர்மன்கிட்ட உண்மையச் சொல்லிட்டேன். உங்க வேலைய யாரும் தொட முடியாது.”

“ரொம்ப நன்றி சார்.” மேடத்தின் கண் கலங்கியது. “நல்ல பேரோட போறேன். அது போதும்.”

“போறீங்களா? எங்க?”

“வேற கம்பெனிக்கு சார். இன்னிக்குத்தான் கடைசி நாள். ஒரு மாசம் முன்னாடியே சொன்னேனே. யார்கிட்டயும் சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்டத்தான் சொன்னேன். லிஃப்ட்ல.”

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டார். “நான் என்ன சொன்னேன்?”

மேடம் கடைசிப் பென்சிலைப் பெட்டிக்குள் வைத்தார். “வேணாம்னு ஒரு வார்த்த சொல்வீங்கன்னு ஏழாவது மாடி வரைக்கும் காத்திட்டிருந்தேன். கதவு தெறந்துச்சு, எறங்கிப் போயிட்டீங்க.”

நம்மவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “ஏன் போறீங்கன்னு சொல்லுங்க.”

“இப்பவா சார்?”

“இப்பவேதான்.”

மேடம் சொல்ல ஆரம்பித்தார். பதினெட்டு வருடத்தில் யாரும் காதில் போட்டுக்கொள்ளாத விஷயங்கள் நாற்பது நிமிடம் வந்தன. பாதிக்குமேல் நம்மவரைப் பற்றியவை. நாக்கு நுனிவரை வந்த ‘சரி’யை அவர் இரண்டு தடவை விழுங்கினார். கேட்பது இவ்வளவு வலிக்கும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்கப் போவதில்லை.

“போகாதீங்க” என்றார் கடைசியில்.

மேடம் பெட்டியை மூடி டேப் ஒட்டினார். “அன்னிக்கு இதச் சொல்லியிருந்தீங்கன்னா இருந்திருப்பேன் சார்.”