பற்றரியில் வைத்த பொட்டு

எனக்கு வாய் நீளம் என்று மல்லாகம் சந்தியில் எல்லோருக்கும் தெரியும். சீவரத்தினத்தைப் போன்ற ஆட்களுக்குக் கார் திருத்திக் கொடுத்தால் யாருக்குத்தான் நீளாது? இரண்டு மாதத்தில் நான்காவது தடவையாக, முன் லைற் இரண்டும் கருகிய காரை என் கராஜுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான்.

"நீ கார் ஓடுறியோ, பல்ப் வறுக்கிறியோ?" என்று கேட்டேன்.

உலக யுத்தம் முடிந்து சில மாதந்தான். பல்ப் என்பது குதிரைக்கொம்பு. பழைய லொறிகளில் கழற்றியவற்றைத் தேடித் தேடிப் போட்டுக் கொடுத்திருந்தேன். வயரை மாற்றினேன், சுவிச்சை மாற்றினேன், அவனையும் வேண்டிய மட்டும் ஏசினேன். பல்ப் மட்டும் நிற்கவில்லை.

கார் அவனுடையதல்ல. அவன் அக்கா பத்மாசினியின் புருசன் பரமலிங்கம் மலாயாவில் ரயில்வே கிளாக்கர். நாற்பதாம் ஆண்டு லீவில் வந்தபோது வாங்கி விட்டுப் போனார். பிறகு யப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். அதோடு கடிதமும் நின்றது. இப்போது அங்கிருந்து தப்பியவர்கள் கப்பல் கப்பலாகக் கொழும்பில் வந்து இறங்கினார்கள். கப்பல் வந்ததென்று காதில் விழுந்தால் போதும், பத்மாசினி அளவெட்டியிலிருந்து காரில் யாழ்ப்பாணம் ஸ்டேசனுக்குப் போய்விடுவாள். கொழும்பிலிருந்து தண்டவாளத்தில் வரும் அதே கோச்சி மல்லாகம் ஸ்டேசனுக்கும் வரும். அந்தக் கொஞ்ச நேரம் பொறுக்க அவளால் ஏலாது. போகும்போது தம்பிக்குப் பக்கத்தில் முன் சீற்றில் இருப்பாள். பின் சீற் அவருக்கு. கோச்சி வர இருட்டிவிடும். திரும்பும் வழியில் பல்ப் போய்விடும்.

அன்று முன் சீற்றைத் தூக்கி, கீழே இருந்த பற்றரியைப் பார்த்தேன். முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். ஈயக் குமிழுக்கும் அதைப் பிடிக்கும் கவ்விக்கும் நடுவில் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. சுரண்டி மணந்து பார்த்தேன். சந்தனம்!

"உதை ஆர் வைச்சது?"

சீவரத்தினம் தலையைச் சொறிந்தான். கார் சும்மா நிற்கிற நாட்களில் கவ்வியைக் கழற்றிவைப்பது அவன் வழக்கம். 'காரின்ரை உயிர் உதுக்குள்ளைதான் இருக்கு' என்று அக்காவுக்கு ஒருநாள் பெரிய மனுசன் மாதிரிச் சொல்லியிருக்கிறான். அவள் வெள்ளிக்கிழமை தோறும் முழுகிவிட்டு வந்து அந்த உயிருக்குப் பொட்டு வைத்திருக்கிறாள். இவன் அதற்கு மேலேயே கவ்வியை மாட்டியிருக்கிறான். நல்ல அக்கா, நல்ல தம்பி.

பத்மாசினியைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

"பிள்ளை, டைனமோ தாற கறண்டைப் பற்றரி வாங்க வேணும். நீ சந்தனத்தாலை வாசலை அடைச்சுப்போட்டாய். வாய்க்காலை மறிச்சால் தண்ணி வரம்பை உடைக்குந்தானே? அதுதான் பல்ப் கருகுது. இனி வைக்காதை."

அவள் முகம் வெளிறிவிட்டது. "அவர் வந்து சேருமட்டும் வைக்கிறனெண்டு பிள்ளையாருக்கு நேர்ந்தது அண்ணை. விட்டால் அவருக்கு ஏதும் நடந்திடுமோ?"

எனக்குக் கோபம் வந்தது. அவளில் அல்ல, அந்தப் பிள்ளையாரில். "பற்றரிப் பெட்டி மூடிக்கு மேலை வை. பிள்ளையாருக்குக் கண் தெரியும்" என்றேன்.

குமிழைச் சுரண்டி, சுடுநீர் விட்டுக் கழுவி, கிறீஸ் பூசி இறுக்கினேன். அதற்குப் பிறகு மூன்று கப்பல் வந்தது. பல்ப் ஒன்றும் போகவில்லை. பரமலிங்கமும் வரவில்லை.

நான்காவது கப்பலுக்குப் போகிற வழியில் கராஜுக்கு முன்னால் காரை நிறுத்தச் சொல்லி அவள் இறங்கி வந்தாள்.

"என்ன, லைற் எரியேல்லையோ?"

"எரியுது அண்ணை." சேலைத் தலைப்பைத் திருகினாள். "முந்தி வழியிலை லைற் போயிடும். தம்பியை ஏசிக்கொண்டு, உங்களைப் பேசிக்கொண்டு, எப்பிடியோ வீடு போய்ச் சேந்திடுவம். இப்ப றோட்டு முழுக்க வெளிச்சம். பேச ஒண்டுமில்லை. பின் சீற் வெறுமனே வருது. அதோடை வீடு போய்ச் சேரேலாமல் இருக்கு."

பழையபடி பல்ப் போகட்டுமென்று ஒரு கணம் கவ்வியைத் தளர்த்திவிட என் கை ஓடியது. பிறகு கராஜைப் பூட்டிவிட்டு நானும் காரில் ஏறினேன். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு எனக்கு.

கோச்சியிலிருந்து மலாயாக்காரர் ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். எலும்பும் தோலுமாக. ஒவ்வொருவரின் முகத்துக்கு நேரேயும் போய் நின்று பார்த்தாள். மேடை வெறுமையான பிறகும் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்தாள். கோச்சி புறப்பட்டது.

திரும்பும்போது பின் சீற்றை நிறைத்துக்கொண்டு நான் இருந்தேன். கோண்டாவில் தாண்ட அவள் அயர்ந்துவிட்டாள். இணுவிலுக்குக் கிட்ட எதிரே வந்த லொறியின் வெளிச்சம் முகத்தில் அடிக்க, திடுக்கிட்டு விழித்துப் பின்னால் திரும்பினாள். சீற்றில் ஒரு ஆம்பிளை இருப்பது தெரிந்தது அவளுக்கு. அப்படி ஒரு முகம் மலர்ந்ததை நான் கண்டதில்லை.

"வந்திட்டியளே?" என்றாள்.

"நான் மார்க்கண்டு, பிள்ளை" என்றேன். என் பெயரைச் சொல்ல அவ்வளவு வெட்கப்பட்டது அன்றுதான்.