தொண்ணூற்றெட்டு மார்க்

கடைக்குள் நுழைந்த இயேசுதாசன் மேசைக்கு மேலே எட்டி, கடைக்காரன் வேதாச்சலத்தின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்தான். ஸ்பேர் பார்ட்ஸ் டப்பாக்கள் சரிந்து உருண்டன. திருப்பதி பஜாரில் பட்டப்பகல், சுற்றி நல்ல கூட்டம். கையில் ஸ்பேனரோடு நிற்பவனை எவன் போய்த் தடுப்பான்?

"எந்தம்பி காலு போச்சுடா! நீ குடுத்த பில்டர்தான் அவனுக்கு எமன்!"

இயேசுதாசன் சித்தூரில் மெக்கானிக். தம்பி சத்தியநாதனுக்குக் கல் குவாரியில் மேஸ்திரி வேலை. குவாரித் தூசு தம்பியின் புல்லட் இன்ஜினைத் தின்றுவிடக் கூடாதே என்று, அண்ணனே இந்தக் கடைக்கு வந்து, எண்ணெயில் சேரும் தூசைப் பிடிக்கும் ஆயில் பில்டர் வாங்கிப் போய் மாட்டினான். முந்தாநாள் காணிப்பாக்கம் ரோட்டில், ஓட்டத்திலேயே இன்ஜின் இறுகிப் பின்சக்கரம் நின்றுவிட்டது. வண்டி தம்பியை இழுத்துப் போய் மைல்கல்லில் மோதியதில் கால் முறிந்தது. இன்ஜினைப் பிரித்துப் பார்த்தால் பேரிங் முழுக்க மாவு மாவாகக் கல்தூசு. புத்தூர் எலும்பு வைத்தியர் கட்டு போடும்போது தம்பி அலறிய அலறலைக் கேட்டவன், "இதுக்குக் காரணமானவன் எலும்பை உடைக்காம வரமாட்டேன்" என்று தம்பி தலையிலடித்துச் சத்தியம் செய்துவிட்டுக் கிளம்பினான்.

ஸ்பேனர் இறங்கியது. வேதாச்சலத்தின் மணிக்கட்டு மளுக்கென்றது.

"ஐயோ, அடிக்காத தாசா! நா எடுத்து வெச்சது எழுவதுன்னு போட்ட வேற பில்டர். எழுவது மார்க் வாங்கறவன் மக்கு, தொண்ணூத்தெட்டு போட்டதைக் குடுன்னு சண்டை போட்டுக்கினு போனது நீதானே!"

"தொண்ணூத்தெட்டு ஒசத்திதானடா!"

"எந்தத் தூசுல? டப்பாவுல கீழ பாரு, தூசோட சைசு நாப்பது மைக்ரான்னு போட்டிருக்கு. அவ்ளோ பெரிய தூசு நூறு வந்தா தொண்ணூத்தெட்டைப் புடிக்கும். அதைவிடப் பொடிசுன்னா முக்காவாசி உள்ள போயிடும். எழுவதுன்னு போட்டது பத்து மைக்ரான் பொடியிலயே எழுவதைப் புடிக்கும். அன்னிக்கே சொன்னேனே, காதுல வாங்கினியா?"

காலடியில் அதே ரக டப்பா ஒன்று கிடந்தது. சிவப்பில் பெரிதாகத் தொண்ணூற்றெட்டு. கீழே எறும்பு எழுத்தில் நாற்பது. அன்று வேதாச்சலம் சொன்னபோது தான் சிரித்தது இயேசுதாசனுக்கு நினைவுக்கு வந்தது. தன்மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? கண்ணாடி அலமாரியை உதைத்து நொறுக்கினான். பிறகு வேதாச்சலத்தைத் தூக்கி நிறுத்தி, கைக்குக் கட்டு போடப் புத்தூர் பஸ்ஸில் ஏற்றித் தானும் ஏறினான்.

கட்டு போடும் கொட்டகையில் படுத்திருந்த சத்தியநாதன், அடிபட்டு வந்தவனைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான்.

"இவன்தானாண்ணா?"

"ஆமா நைனா, தப்பு என்னுதுதான், விட்டுடு" என்றான் வேதாச்சலம். பயம் அவனை அப்படிச் சொல்ல வைத்தது. சத்தியநாதன் பக்கத்திலிருந்த ஊன்றுகழியை எடுத்து வேதாச்சலத்தை நோக்கிச் சுழற்றினான். இயேசுதாசன் குறுக்கே பாய்ந்தான். அவனுடைய காதோரம் கிழிந்து ரத்தம் வழிந்தது.

"அவன் இல்லடா. அவன் சரியாத்தான் சொன்னான். நான்தான் பெரிய நம்பரைப் பாத்து ஏமாந்து வாங்கி மாட்டினேன்."

தம்பி அண்ணன் முகத்தையே பார்த்தான். பிறகு கட்டுப் போட்ட தன் காலைப் பார்த்தான். கழி மறுபடி உயர்ந்தது. இந்தத் தடவை யாரை அடிக்கிறோம் என்று தெரிந்தே அடித்தான். இயேசுதாசன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை.