எட்டு மணி மாத்திரையும் பிஷப்பும்

மலக்கி டூஹிக்குக் காலை எட்டு மணிக்கு ஒரு மாத்திரை, மாலை எட்டு மணிக்கு ஒரு மாத்திரை. வலிப்பு வராமல் இருக்க. மேயோ மாவட்டத்துச் சதுப்புநிலச் சாலைகளில் ஊர் ஊராகப் போகும் நூலக வண்டியைப் பதினாறு வருஷம் ஓட்டியவர். போன வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவிலில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது வலிப்பு வந்து விழுந்தார். அன்றைக்குப் போன ஓட்டுநர் உரிமம் போனதுதான். முழுசாக ஒரு வருஷம் வலிப்பே வராமல் இருந்தால் திரும்பக் கிடைக்கும் என்றார் டாக்டர். அதுவரைக்கும் நகரத்து நூலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து கிழிந்த புத்தகங்களுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். ஐம்பத்து மூன்று வயசில் பசை தடவக் கற்றுக்கொண்டது பெரிய விஷயம்தான், ஆனால் அதை அவரிடம் யாரும் சொல்லத் துணியவில்லை.

இந்தக் கதை நடந்த திங்கட்கிழமையன்று பதினொரு மாதமும் நான்கு நாளும் ஆகியிருந்தன.

தினமும் காலையில் அவரை நூலகத்துக்குக் கொண்டுபோய் விடுவது பக்கத்து வீட்டு கன்செப்டா ஹான்லி. அறுபத்தெட்டு வயசு, ஓய்வு பெற்ற தபால்காரி. சாலையில் எதிரே வருகிறவர்களெல்லாம் தனக்கு வழிவிடத்தான் பிறந்தவர்கள் என்பது அவள் கட்சி. அவளாகவே வந்து நின்றாள். அவர் கேட்கவும் இல்லை, வேண்டாமென்று சொல்ல இடமும் கிடைக்கவில்லை. எட்டு மணி அடித்ததும் வாசலில் ஹார்ன் அலறும். கதவைத் திறக்கிற வரைக்கும் கையை எடுக்க மாட்டாள்.

வீட்டில் மலக்கியோடு இருப்பது பிஷப் ஒன்றுதான். பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற வேட்டை நாய். கறுப்பு உடம்பு, கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை. பாதிரியார் என்று பேர் வைத்திருக்கலாம்தான். ஆனால் அது நாற்காலியில் உட்காருகிற தோரணைக்கு அந்தப் பதவி போதாது என்று மலக்கிக்குப் பட்டது. ஒருகாலத்தில் காற்றாய்ப் பறந்த பிராணி, இப்போது ஒரு நாளில் இருபது மணி நேரம் தூங்கியது.

அன்றைக்கு மாதத்தின் முதல் தேதி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிஷப்புக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கிற நாள். அடுப்பில் ரத்தப் பொரியல் சீறிக்கொண்டிருந்தது. மலக்கி நாயின் மாத்திரையை ஒரு சாஸரில் வைத்தார். தன்னுடையதையும் அதே சாஸரில் வைத்தார். இரண்டும் வெள்ளை, இரண்டும் நீள்வட்டம். கண்ணாடி குளியலறையில் இருந்தது. கைபேசி எட்டு மணி என்று கத்தியது. அதே நொடியில் வாசலில் ஹார்ன். ஒரு மாத்திரையைப் பன்றி இறைச்சித் துண்டில் சுற்றி பிஷப்புக்கு நீட்டினார், இன்னொன்றை வாயில் போட்டுத் தேநீரால் தள்ளினார், பொரியலை ரொட்டிக்குள் திணித்து மென்றுகொண்டே ஓடினார்.

இரண்டு மைல் போன பிறகுதான் நாக்கில் ஏதோ உறைத்தது. ஈரல் மாதிரி ஒரு ருசி.

அவருடைய மாத்திரைக்கு ருசியே கிடையாது. நாய் மாத்திரைக்குத்தான், நாய்க்குப் பிடிக்கட்டும் என்று, ஈரல் வாசனை சேர்த்திருப்பார்கள். ஆனால் வாயில் இருப்பது ரத்தப் பொரியலின் ருசியாகவும் இருக்கலாம். மலக்கி நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"என்னப்பா, பல் வலியா?" என்றாள் கன்செப்டா, வளைவில் வேகத்தைக் குறைக்காமல்.

"இல்ல. நான் நாயோட மாத்திரையை முழுங்கிட்டேனோன்னு சந்தேகமா இருக்கு."

கன்செப்டா எதிரே வந்த காரை ஓரத்துக்கு விரட்டினாள். பிறகு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது, சட்டைப் பையில் எப்போதும் சில மாத்திரை வைத்திருப்பாயே, அதிலிருந்து இன்னொன்றைப் போட்டுக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும் என்றாள். மலக்கி மாட்டேன் என்று தலையாட்டினார். அந்தப் பாடத்தை அவர் ஏற்கெனவே படித்திருந்தார். போன ஆகஸ்டில், போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இரண்டாவது ஒன்றையும் போட்டுக்கொண்டு ஒரு சாவு வீட்டுக்குப் போனார். அங்கே சவப்பெட்டி இரண்டாகத் தெரிந்தது. விதவை ஒருத்திதான் என்று தெரிந்தும் இரண்டு பேருக்கும் கை கொடுத்து ஆறுதல் சொல்லப் பார்த்தார். மலக்கி காலையிலேயே குடிக்கிறான் என்று ஊர் இரண்டு வாரம் பேசியது.

"அப்ப நேரா சொர்காகிட்ட போவோம்" என்று கன்செப்டா வண்டியைத் திருப்பினாள். பின்னால் வந்த பால் லாரி பிரேக் போட்டது.

சொர்கா டெவேன் மருந்துக்கடைக்காரி. முப்பது வயசிருக்கும், எதற்கும் பதறாதவள். மலக்கி சொல்லி முடிக்கிற வரைக்கும் சிரிக்காமல் கேட்டாள். அதற்கு அவள் உதட்டை உள்பக்கம் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பெட்டியில் எத்தனை பாக்கி என்று எண்ணினால் தெரிந்துவிடுமே என்று கேட்டாள். போன வாரம் இரண்டு கைதவறிப் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் போய்விட்டன, அல்லது மூன்று, என்றார் மலக்கி.

சொர்கா மேஜைக்கடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து மேலே வைத்தாள். ஏழு கிழமைக்கும் ஏழு அறை, ஒவ்வொன்றிலும் காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. ஏற்கெனவே இரண்டு தடவை அதை அவருக்குக் காட்டியிருந்தாள். இரண்டு தடவையும், நான் என்ன கிழவனா என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். இந்தத் தடவை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கேளுங்க மலக்கி. ஊகத்துல மாத்திரை போடக் கூடாது. முதல்ல வீட்டுக்குப் போய் எது எங்க போச்சுன்னு பாருங்க. உங்க மாத்திரையில ஒரு பக்கம் எழுத்து குத்தியிருக்கும், நாயோடதுல நடுவுல கோடு மட்டும்தான். போடலைன்னு நிச்சயமாத் தெரிஞ்சா, உங்க மருந்துக்கு மதியத்துக்குள்ள போட்டா ஒண்ணும் மோசமில்ல. கண்டுபிடிக்க முடியலைன்னா எனக்குப் போன் பண்ணுங்க, நான் ஆஸ்பத்திரி நர்ஸைக் கேட்டுச் சொல்றேன். நீங்களா எதையும் முடிவு பண்ணாதீங்க."

அதுவரைக்கும் தனியாக இருக்கக் கூடாது, ஏணியில் ஏறக் கூடாது, குளியல் தொட்டியில் இறங்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னாள். நான் இவனை விட்டு நகர்ந்தால்தானே, என்றாள் கன்செப்டா. பூச்சி மாத்திரையை மனுஷன் தின்றால் என்ன ஆகும் என்பதையும் சொர்கா அப்போதே தொலைபேசியில் விசாரித்தாள். அந்த அளவுக்கு ஒன்றும் ஆகாதாம். "கொஞ்ச நாளைக்கு உங்களுக்குப் பூச்சித் தொல்லை இருக்காது" என்றாள். அப்போதுதான் சிரித்தாள்.

நாயின் கதைதான் மலக்கியை அதிகம் உறுத்தியது. வண்டியிலிருந்தே மிருக வைத்தியருக்குப் போன் போட்டார். அந்த மருந்தை நாய்களுக்கும் கொடுப்பதுண்டு, பயப்பட வேண்டாம், ஆனால் வழக்கத்துக்கு மேல் தூங்குகிறதா, தள்ளாடுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார் வைத்தியர். வீட்டுக்கு வந்து பார்த்தால் பிஷப் நாற்காலியில் நான்கு காலும் மேலே நீட்டி, நாக்கு ஒரு பக்கம் தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தது. இது வழக்கமான தூக்கமா, மருந்துத் தூக்கமா என்று இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். தட்டினால் ஒரு கண்ணைத் திறந்து மூடியது. எழுப்பி நிறுத்தினால் தள்ளாடியது. "இது என்னைக்குத் தள்ளாடாம நடந்துச்சு?" என்றாள் கன்செப்டா.

கண்ணாடி போட்டுக்கொண்டு தேடத் தொடங்கினார்கள். சாஸர் காலி. தரையில் ஒன்றுமில்லை. அடுப்புக்கு அடியில் ஒரு காய்ந்த காளான் கிடந்தது. மணி பத்தைத் தாண்டியது. மலக்கியின் நெற்றியில் வியர்வை பூத்தது. விழப்போகிறதற்கு முன்னால் அவருக்கு எப்போதும் கருகிய ரப்பர் மாதிரி ஒரு வாடை வரும். இப்போது வருகிறதா என்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். ரத்தப் பொரியல் வாடைதான் அடித்தது. பதினொரு மாதமும் நான்கு நாளும் ஒரு சாஸரில் போய்விடுமோ என்று நினைத்துக்கொண்டே சாஸரைத் திரும்பவும் தூக்கிப் பார்த்தார்.

அதைக் கண்டுபிடித்தது கன்செப்டாதான். நாற்பது வருஷம் வீடு வீடாகத் தபால் கொடுத்ததில் நாய்களின் குணம் அவளுக்குத் தெரியும். இறைச்சியைத் தின்றுவிட்டு மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவைக்கிற நாய்களும் உண்டு என்றாள். பிஷப்பை மரியாதையில்லாமல் கீழே தள்ளிவிட்டு, நாற்காலி மெத்தைக்கும் கைப்பிடிக்கும் நடுவே இருந்த இடுக்கில் முழங்கை வரைக்கும் கையை விட்டாள். ஒரு பென்சில் வந்தது. ஒரு நாய்ப் பல் வந்தது. பிறகு நான்கு மாத்திரைகள் வந்தன.

மூன்று பழசு, தூசி படிந்தவை, நடுவில் கோடு. நான்காவது இன்னும் ஈரமாக இருந்தது. மலக்கி அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். எழுத்து குத்தியிருந்தது.

ஆக, நாயின் மாத்திரையை மலக்கி முழுங்கியிருந்தார். மலக்கியின் மாத்திரையை யாரும் முழுங்கவில்லை. பிஷப்புக்கு ஒன்பது மாதமாகப் பூச்சி மருந்தே உள்ளே போகவில்லை.

சொர்காவுக்குப் போன் போட்டார். இப்போதே ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், அடுத்தது வழக்கம்போல எட்டு மணிக்கு, நடுவில் வேறெதுவும் வேண்டாம் என்றாள். பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து, எழுத்தைப் படித்து, கன்செப்டாவையும் படிக்க வைத்துப் போட்டுக்கொண்டார். கைபேசியில் நேரம் பத்து நாற்பத்தைந்து. நூலகத்துக்குச் சொல்லி அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டார். காரணம் கேட்டார்கள். நாய்க்கு உடம்பு சரியில்லை என்றார்.

கன்செப்டா போகவில்லை. மதியம் சூப் காய்ச்சினாள், பிறகு அவர் வீட்டுச் சமையலறை அலமாரியைத் தன் இஷ்டப்படி மாற்றி அடுக்கினாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் ஐந்து மணி வாக்கில், தேநீரும் ரொட்டியும் வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தபோது மலக்கி ஒன்றைச் சொன்னார். அதை அவர் டாக்டரிடம்கூடச் சொன்னதில்லை.

"அன்னைக்குக் கோவில்ல விழுந்தேனே. தூக்கம் போதலைன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அது பொய். நாலு நாளா மாத்திரையை நிறுத்தியிருந்தேன். எத்தனையோ வருஷமா ஒண்ணும் வரலை, நல்லாத்தானே இருக்கோம், எதுக்குன்னு தோணுச்சு."

கன்செப்டா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"உன்னை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சது யாருன்னு தெரியுமா?"

தெரியாது. விழித்தபோது பாதிரியாரின் ஷூ மட்டும்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

"நான்தான். தலைக்கு அடியில என் கோட்டை வெச்சேன். கடியாரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட். அதுக்குள்ள உன் சாவுக்கு என்ன பாட்டுப் பாடலாம்னு முடிவே பண்ணிட்டேன்."

"என்ன பாட்டு?" என்று கேட்டார்.

"சொல்ல மாட்டேன். அது நல்ல பாட்டு, உனக்கு வீணாக்க முடியாது." மறுபடி வெண்ணெய் தடவினாள், தேவைக்கு அதிகமாகவே. "நாலு நாள். மடையா. நல்லா இருந்ததே அந்த மாத்திரையாலதான்னு உன் மண்டையில ஏறலையா? பதினாறு வருஷம் புத்தக வண்டி ஓட்டினியே, ஒண்ணையாவது பிரிச்சுப் பார்த்தியா?"

அவள் குரல் கடைசியில் கொஞ்சம் பிசிறியது. ரொட்டித் துண்டை அவர் தட்டில் போட்டுவிட்டு எழுந்து, ஏற்கெனவே கழுவியிருந்த கோப்பையை மறுபடியும் கழுவினாள். அவள் ஏன் பதினொரு மாதமாகக் கூப்பிடாமலே வந்து நிற்கிறாள் என்பது அப்போதுதான் மலக்கிக்கு விளங்கியது. ரொட்டியைத் தின்றார். வெண்ணெய் தொண்டையில் வழுக்கியது.

அந்த மாதம் ஒன்றும் நடக்காமல் கழிந்தது. டாக்டரிடம் போனபோது மலக்கி ஒன்றையும் மறைக்கவில்லை. நான்கு நாள் நிறுத்தியதையும் சொன்னார், சாவு வீட்டில் இரண்டு விதவைகளைப் பார்த்ததையும் சொன்னார், நாயையும் சொன்னார். நான்கு நாள் விஷயத்துக்கு டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவைத்து நன்றாகத் திட்டினார். மாத்திரையை நிறுத்துவதாக இருந்தால் அது தானும் அவரும் சேர்ந்து, மெதுவாக, மாதக்கணக்கில் செய்கிற காரியம் என்றார். நாய் விஷயத்துக்கு வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் உரிமத்துக்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

மே மாதத்தின் ஒரு வியாழக்கிழமை மலக்கி நூலக வண்டியை எடுத்தார். மூன்றாவது நிறுத்தத்தில், சதுப்புநிலத்தின் ஓரத்தில், பழைய வாசகி மிஸஸ் கில்கேலன் மழைக்கோட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததில் அவளுக்குச் சந்தோஷம்தான், ஆனால் அதைச் சொல்ல நேரமில்லை. அவருக்குப் பதிலாக வந்தவன் ஒரு வருஷமாகத் தனக்குக் கௌபாய் துப்பாக்கிச் சண்டைக் கதைகளாகவே கொடுத்தான், இருபத்தாறு புத்தகத்தில் யாருமே கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று புகார் சொல்லிக்கொண்டே படியேறினாள். மலக்கி அவளுக்காகக் கீழ்த்தட்டில் காதல் கதைகளைத் தேடத் தொடங்கினார்.