மாத்தாள்

காலை ஐந்து மணிக்கு எழில் எழுந்தான். மோட்டாரைப் போட்டான். தொட்டி நிறைந்ததும் நிறுத்தினான். பாலைக் காய வைத்தான். அளவுக் குவளையில் எழுநூற்றைம்பது மில்லி தண்ணீர் எடுத்தான். அதில் டீக்கு அறுபது மில்லியைக் கழித்துவிட்டு, மீதியைப் பச்சை நிற பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி ஜன்னலில் வைத்தான். அவன் மனைவி கிருபாவுக்கு ஒரு நாள் தண்ணீர் அவ்வளவுதான். ரசம் குடித்தாலும் மோர் குடித்தாலும் அந்தப் பாட்டிலிலிருந்துதான் கழிய வேண்டும்.

ஐந்தரைக்கு அம்மாவோடு சேர்ந்து மூவரும் பக்கத்துத் தறிக்குடோனுக்குப் போனார்கள். வாசலை ஒட்டி நூல் மூட்டை எடை போடும் மேடை இருந்தது. கிருபா செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்றாள். நாற்பத்தைந்து கிலோ எண்ணூறு. எழில் அதைச் சுவரில் தொங்கிய காலண்டரில் குறித்தான்.

"இன்னிக்கு எத்தனாம் நம்பர் நூலு கண்ணு?" என்று கேட்டாள் பழனியாத்தாள். எழிலின் அம்மா. முப்பது வருடமாக அதே குடோனில் ஊடைநூலைக் குழலில் ஏற்றித் தார் சுற்றுகிறவள். நம்பர் ஏற ஏற நூல் மெலியும்.

"அறுவதாம் நம்பருங்க அத்தே. இழுத்தா அந்துபோகும்."

"அந்தா முடிஞ்சு உட்டுக்கலாம். நானெதுக்கு இருக்கறேன்?"

எழில் பி.காம். படித்தவன். சோமனூரில் பி.காம். படித்தவர்கள் நிறையப் பேர் தறி ஓட்டினார்கள். அவனுக்கு எட்டுத் தறி. கிருபா எம்.எஸ்ஸி. கணிதம், இரண்டாம் ஆண்டு. மதுக்கரை தாண்டி இருக்கும் கொங்கலர் பல்கலைக்கழகத்தில் முழுக் கட்டணச் சலுகையில் இடம் கிடைத்தது. கல்யாணமான மறு மாதம் சேர்ந்தாள். அடுத்த ஆண்டு ஆடியில் கால் வீங்கியது. ஆவணியில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதாக டாக்டர் சொன்னார். செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ். உடம்பில் தங்கி எடையாக ஏறிய தண்ணீரை எடுக்க நான்கு மணி நேரம் மெஷினில் படுத்திருக்க வேண்டும். துணைக்குப் பழனியாத்தாள் போனாள்.

அந்த நாட்களில் எழில் கல்லூரிக்குப் போனான்.

தறிக்குடோனில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் வீட்டிலிருந்து இன்னொருவர் வந்து தறியில் நிற்பார். அவர்தான் மாத்தாள். மாத்தாள் ஓட்டிய மீட்டரெல்லாம் தறிக்கு உரியவர் பெயரில்தான் ஏறும். யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை. பழனியாத்தாளுக்கு டைபாய்டு வந்தபோது எழில் பத்து நாள் தார் சுற்றினான். எழிலுக்குக் கை சுளுக்கியபோது கிருபா எட்டுத் தறியையும் ஓட்டினாள். அவள் நின்ற வாரத்தில் ஒரு பீஸில்கூடப் பழுதில்லை என்று முதலாளி பாலுசாமியே சொன்னார்.

ஆகவே முதல் செவ்வாய்க்கிழமை எழில் அவளுடைய வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தான். பேராசிரியை சண்முகப்பிரியா வருகைப் பதிவேட்டைத் திறந்து, "கிருபா" என்று கூப்பிட்டார்.

"மாத்தாள் வந்திருக்கறேனுங்க!"

முப்பது தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய தொண்டை. வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். வகுப்பே சிரித்தது. விஷயத்தைக் கேட்டுக்கொண்ட சண்முகப்பிரியா, "சரி, உட்காருங்க. நோட்ஸ் எடுத்துட்டுப் போங்க" என்றார். எழில் உட்கார்ந்தான். உட்காரச் சொல்லிவிட்டார்கள், ஆகவே வருகை ஏறிவிட்டது என்று எடுத்துக்கொண்டான்.

"அது கணக்குல வராதுங்க" என்றாள் கிருபா, அன்று சாயங்காலமே.

"அவங்களே உக்காரச் சொல்லிப்போட்டாங்க அம்மணி. அப்பறமென்ன?"

அவள் நோட்டைப் பிரித்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த வெகுநேரம் ஆனது. "ஏனுங்க, இதென்ன? இண்டக்ரலுங்களா? நாகப்பாம்பு படமெடுத்து நிக்கிற மாதிரி இருக்குது."

"போர்டுல அப்படித்தான் இருந்துச்சு."

"பாம்புக்கு நாக்கு வேற போட்டிருக்கறீங்க."

நாக்கில்லாமல் போட அவனுக்கு ஒரு மாதம் பிடித்தது. அந்தப் பருவம் முழுக்க இருபத்தாறு நாள் மாத்தாளாக உட்கார்ந்தான். அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் கிருபா மெஷினில் படுத்தபடி படித்தாள்.

பொங்கல் முடிந்ததும் கடிதம் வந்தது. வருகை நாற்பத்தாறு சதவீதம். உடல்நலக் காரணத்தால் மாணவர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படுகிறது. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இடம் போனால் சலுகையும் போகும். இன்னும் ஒரே பருவம் படித்தால் பட்டம். அதை வைத்து ஆசிரியர் தேர்வு எழுதலாம் என்று கிருபா பழைய வினாத்தாள்களை ஏற்கனவே வாங்கி அடுக்கியிருந்தாள்.

இருவரும் உட்கார்ந்து மனு எழுதினார்கள். டயாலிசிஸ் சீட்டுகளைத் தேதிவாரியாக இணைத்தார்கள். ஏழாவது பாராவை எழில் எழுதினான். 'மேற்கண்ட இருபத்தாறு நாட்களும் என் கணவர் மாற்றாளாக வகுப்பில் முழு நேரமும் அமர்ந்திருந்தார்.'

"இது வேணுமுங்களா?" என்றாள் கிருபா.

"இதுதான் நம்ம பலமே. ஒருநாள்கூட எடம் காலியா இல்லியே?"

அவள் பேனாவைக் கன்னத்தில் தட்டியபடி யோசித்தாள். "செரி, இருக்கட்டும். உண்மைதானுங்களே" என்று கையெழுத்துப் போட்டாள்.

விசாரணைக்கு வியாழக்கிழமை காலை பத்தரைக்கு வரச் சொன்னார்கள். மனுதாரர் நேரில் ஆஜராக வேண்டும். வராவிட்டால் மனு தள்ளுபடி. எழில் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்து, வியாழன் டயாலிசிஸ் நாள் என்று சொன்னான். தேதி கமிட்டி வைத்தது, மாற்ற முடியாது என்றார்கள்.

டயாலிசிஸில் பக்கத்துப் படுக்கை சாஜிதா பேகம் வழி சொன்னாள். உக்கடத்துக்காரி. நான்கு வருடமாக மெஷினில் இருப்பவள். "எங்க மச்சினருக்கு வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி மெஷினு. அவர வெள்ளன வரச் சொல்லிர்றேன். நீ ரெண்டு மணிக்கு வந்து படு. நான் நர்ஸுகிட்டச் சொல்லிக்கறேன்."

"ஷிப்ட் மாத்தறதுங்களா அக்கா? அது எங்கூட்டுல எல்லாருக்கும் அத்துபடி" என்றாள் கிருபா.

வியாழக்கிழமை பத்து மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வராந்தாவில் இரும்பு நாற்காலிகள். ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். கிருபா கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தாள். இடது கையில் ஊசி போட்டுப் போட்டுப் புடைத்திருந்த இடத்தை முந்தானையால் மூடியிருந்தாள். பச்சைப் பாட்டில் மடியில் இருந்தது.

பத்தரை மணி விசாரணை பதினொன்றரைக்குத் தொடங்கியது. ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். பன்னிரண்டரைக்கு எழில் பிரிவு எழுத்தர் அருள்குமாரிடம் போனான்.

"எங்கள எப்பங்க கூப்புடுவாங்க? ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில இருக்கோணும்."

அருள்குமார் ஃபைலைப் பார்த்தான். அவனுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "உங்களுது கடைசியா வெச்சிருக்காங்க அண்ணா. ஏழாவது பாராவுல மாத்தாள் உக்காந்ததா எழுதியிருக்கீங்கல்ல? ஆள்மாறாட்டமான்னு தனியா விசாரிக்கணுமாம். சட்ட ஆலோசகர் சாப்புட்டுட்டு வந்துருவாரு."

எழில் திரும்பி வந்து சொன்னான். "போயிரலாம். மெஷினுதான் முக்கியம்."

"போனா ஆப்சென்ட் போட்டிருவாங்க. ஆப்சென்ட்னு சொல்லித்தான் வெளிய அனுப்புனாங்க, மறுக்காவுமா?" கிருபா பாட்டிலை அவன் கையில் கொடுத்தாள். "நீங்க வெச்சுக்கோங்க. பாத்துட்டே இருந்தாக் குடிக்கத் தோணும். சனிக்கிழமைக்கு ஒரு நாள்தானுங்க நடுவுல."

ஒன்றரைக்கு மருத்துவமனைக்குப் போன் செய்தான். மெஷினைக் காலியாக வைத்திருக்க முடியாது, வேறொருவரைப் படுக்க வைக்கிறோம் என்றாள் நர்ஸ். சனிக்கிழமை ஏழு மணிக்கு வரட்டும். அதுவரை தண்ணீர் ஜாக்கிரதை. மூச்சு வாங்கினால் உடனே அழைத்து வர வேண்டும்.

மூன்றே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். நீள மேசைக்குப் பின்னால் நான்கு பேர். தலைவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு எழிலைப் பார்த்தார்.

"நீங்கதான் அந்த மாத்தாளா?"

"ஆமாங்க!"

ஓரத்தில் உட்கார்ந்திருந்த அம்மையாரின் பேனா கீழே விழுந்தது. "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்றார்.

"மெதுவாத்தானுங்க பேசறேன். தறிக்காரனுங்க."

சட்ட ஆலோசகர் கேட்டார். "வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டீங்களா?"

"இல்லீங்க. பேரு கூப்புட்டாங்க, மாத்தாள் வந்திருக்கறேன்னு சொன்னனுங்க. எங்க குடோன்ல ஒருத்தருக்கு நோவுன்னா ஊட்டாளு வந்து நிப்பமுங்க. ஓட்டுன மீட்டரு அவுங்க பேருல ஏறுமுங்க. இங்கயும் அப்படித்தான்னு நெனச்சுப்போட்டனுங்க."

தலைவர் சிரித்துவிட்டார். "அப்ப பரீட்சையும் நீங்களே எழுதிருவீங்களா?"

"அவரு எழுதுனா நான் ஃபெயிலுங்க சார்" என்று கிருபா நோட்டை நீட்டினாள். முதல் பக்கத்துப் பாம்புகள் மேசையில் ஒவ்வொருவராகக் கை மாறின. சட்ட ஆலோசகர்கூட நாக்கைப் பார்த்துச் சிரித்தார். ஆள்மாறாட்டம் அத்தோடு முடிந்தது.

அம்மையார் விடவில்லை. "முழுசா குணமாயிடுச்சுன்னு டாக்டர் சான்றிதழ் வேணும். இல்லாம எப்படித் திரும்பச் சேர்க்கறது?"

"இது குணமாகற நோவு இல்லீங்க மேடம். வாரத்துல மூணு நாள் மெஷினு. மிச்ச நாலு நாள் நான் நல்லாத்தான் இருப்பேன். ரெண்டு மணி மெஷினுக்கு மாத்திக் குடுத்தாங்கன்னா காலையில மூணு பீரியடு வந்துருவேனுங்க. கேட்டு வெச்சிருக்கறேன்."

"முடியுமா உங்களால?"

"எட்டுத் தறி ஓட்டியிருக்கறேனுங்க. மூணு பீரியடு உக்கார முடியாதுங்களா?"

தலைவர் மற்றவர்களைப் பார்த்தார். தாளில் ஏதோ எழுதினார். "திங்கட்கிழமை வகுப்புக்கு வாம்மா. உத்தரவு தபால்ல வரும்." பிறகு எழிலிடம் விரலை ஆட்டினார். "நீங்க வரக் கூடாது."

பஸ்ஸில் கிருபா தன் அம்மாவுக்கும் சாஜிதாவுக்கும் சண்முகப்பிரியாவுக்கும் போன் செய்து, தலைவரின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். 'நீங்க வரக் கூடாது' என்னும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் எழிலின் மூக்குக்கு நேரே விரலை ஆட்டினாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை குடோனுக்கு மிட்டாய் வாங்கிக்கொண்டு போனாள். தறிச் சத்தத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பாலுசாமி மெயின் சுவிட்சை இறக்கினார். முப்பது தறியும் ஒரே நேரத்தில் நின்றன.

"சொல்லு அம்மணி, என்ன சேதி?"

"மறுக்கா சேத்துக்கிட்டாங்கங்க!"

சத்தம் இல்லாத குடோனில் அவள் கத்தியது தெருமுனை வரை கேட்டது. பழனியாத்தாள் தார்க் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் கன்னத்தை வழித்துச் சொடுக்கினாள். "ரெண்டு நிமிசத்துல நூறு மீட்டரு போச்சுங்க மொதலாளி" என்றார் யாரோ. "போனாப் போகுது போ" என்று பாலுசாமி சுவிட்சை ஏற்றினார்.

அன்று கிருபா பாதிப் பாட்டில்தான் குடித்தாள். இரண்டு நாளும் மூச்சு வாங்கவில்லை. முகம் மட்டும் கொஞ்சம் உப்பியிருந்தது. புதுப் பேனா வாங்கினாள்.

சனிக்கிழமை காலை எடைமேடையில் ஐம்பது கிலோவைத் தொட்டாள்.

"இருவதாம் நம்பர் ஆயிப்போச்சுங்க அத்தே. நல்லாத் தடிச்சுப்போட்டேன்."

"சீக்கரமாப் போயிட்டு வா கண்ணு" என்றாள் பழனியாத்தாள்.

எழில் காலண்டரில் எடையைக் குறித்தான். ஆறு மணி பஸ்ஸில் ஏறினார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். கருமத்தம்பட்டியில் ஒருமுறை பேசினாள். நீலாம்பூரில் எழுப்பினான். அவள் எழவில்லை. ஏழு மணி மெஷின் அன்றும் வேறொருவருக்குப் போனது.

ஒன்பதாம் நாள் உத்தரவு வந்தது. பெயருக்கு உரியவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று தபால்காரர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். "ஊட்டாளு போட்டாலும் செரிதானுங்க" என்று பேனாவை நீட்டினார். எழில் கையெழுத்துப் போட்டான். மனுதாரர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படுகிறார் என்று இருந்தது. நிபந்தனைகள் மூன்று. மூன்றாவது, எக்காரணம் கொண்டும் அவருக்குப் பதிலாக வேறொருவர் வகுப்பில் அமரக் கூடாது.

துக்கம் கேட்க வருகிறவர்கள் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். "எப்படியும் படிச்சு முடிச்சுப்போடுவேன் அத்தேன்னு சொல்லிட்டுத்தான் படியெறங்குனா" என்று பழனியாத்தாள் எல்லோரிடமும் சொன்னாள். எழில் மறுக்கவில்லை.

ஜன்னலில் பச்சைப் பாட்டில் அப்படியே இருந்தது. பாதிக்குச் சற்றுக் கீழே தண்ணீர் நின்றது. கருமத்தம்பட்டியில் அவள் கண்ணைத் திறக்காமல் சொன்னது அதைப் பற்றித்தான்.

"ஏனுங்க, பாட்டல்ல இருக்கறத ஊத்திப்போடாதீங்க. நேத்து மிச்சம் புடிச்சது. மெஷின்ல இருந்து வந்ததும் ஒரே மூச்சுல குடிக்கோணும்."